‘இயல்பு’ என்று எழுதப்பட்ட நரம்பு

ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்பதுதான் அந்தப் பெண்மணியின் குறை. வயது நாற்பதைத் தாண்டியவர்; வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். ஓர் இரவில் வலது தோளில் தொடங்கிய கடும் வலி பத்து நாள்கள் அவரைத் தூங்கவிடவில்லை. பிறகு தானாகவே தணிந்தது. தணிந்த பின்னர்தான், கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் வளைத்து ஒன்றோடொன்று சேர்க்க முடியாமல் போனதை அவர் கவனித்தார். விரல்கள் மரத்துப்போகவில்லை, தொடு உணர்ச்சி முழுமையாக இருந்தது. வளைக்கும் வலு மட்டும் இல்லை.

தோள் வலி என்றதால் முதலில் கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப்பட்டது. முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு ஒன்று லேசாகப் பிதுங்கியிருந்தது. எந்தத் தொல்லையும் இல்லாத பலரிடமும் அந்த வயதில் காணப்படுவதுதான் அது. ஆயினும், கழுத்துப் பட்டையும் மாத்திரைகளுமாக நான்கு மாதங்கள் கழிந்தன. அடுத்து முன்கைக்கு ஒரு ஸ்கேன். அந்தப் படங்கள் என் மேசைக்கு வந்தன. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைக்கும் தசைகளில் நீர் கோத்தது போன்ற மாற்றம் தெரிந்தது; அதை எழுதினேன். அடுத்த வரியில், ‘நரம்பு இயல்பாக உள்ளது’ என்றும் எழுதினேன்.

கதிரியல் மருத்துவராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிவரும் எனக்கு, எழுதியவற்றில் அடிக்கடி நினைவுக்கு வரும் வரி இதுதான். அந்த நரம்பு இயல்பாக இல்லை. அதைக் காட்டும் திறன் என் கையிலிருந்த படத்துக்கு இல்லை என்பதே உண்மை. ‘நோய் இல்லை’ என்பதும் ‘நோய் தெரியவில்லை’ என்பதும் அறிக்கையில் ஒரே சொல்லாகிவிடுகின்றன. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கான முயற்சி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. அதன் பெயர் எம்.ஆர். நியூரோகிராபி. அதாவது, நரம்பை மட்டுமே குறிவைத்து எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. படம்.

அறுபத்து நான்கு மடங்கு நேரம்

மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே உடலெங்கும் ஓடுபவை புற நரம்புகள். இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கும் சியாட்டிக் நரம்பு ஏறக்குறைய கட்டைவிரல் அகலம் இருக்கும். அதை எந்தக் கருவியும் காட்டிவிடும். மணிக்கட்டில் மீடியன் நரம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 10 சதுர மில்லிமீட்டர். கெண்டைக்காலின் பின்புறத் தோலுக்கு அடியில் ஓடும் சூரல் நரம்பின் தடிமன் இரண்டு அல்லது மூன்று மி.மீ. விரல்களின் ஓரங்களில் ஓடுபவை ஒரு மி.மீ. அளவே. இவை ஒவ்வொன்றின் உள்ளேயும், கேபிளுக்குள் கம்பிகள் இருப்பதுபோல, தனித்தனி உறையிட்ட நரம்பிழைக் கற்றைகள் உள்ளன. நோய் சில வேளைகளில் நரம்பு முழுவதையும் விட்டுவிட்டு ஒரே ஒரு கற்றையைத் தாக்குகிறது. ஆனால், வழக்கமான கை, கால் ஸ்கேனில் ஒரு படலத்தின் தடிமனே 3 அல்லது 4 மி.மீ. அந்தத் தடிமனுக்குள் நரம்பும் கொழுப்பும் தசையும் ஒரே சாம்பல் நிறப் புள்ளியாகக் குழைந்துவிடுகின்றன.

புள்ளியைச் சிறிதாக்கிவிட்டால் என்ன என்று தோன்றலாம். இங்கேதான் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள், வலுவான காந்தப்புலத்தில் ரேடியோ அலையால் தூண்டப்பட்டு, மிக மெல்லிய சமிக்ஞை ஒன்றைத் திருப்பி அனுப்புகின்றன. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் உண்மையில் உடலின் ஒரு சிறு கனசதுரத்திலிருந்து வரும் சமிக்ஞை. அந்தக் கனசதுரத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பாதியாக்கினால் அதன் கன அளவு எட்டில் ஒரு பங்காகிறது, சமிக்ஞையும் அவ்வாறே. இரைச்சலோ குறைவதில்லை. இழந்த தெளிவை மீட்க ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி காணலாம். ஆனால், தெளிவை இரு மடங்காக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும். எட்டு மடங்காக்க 64 மடங்கு. நான்கு நிமிடங்களில் முடியும் படத்துக்கு நான்கேகால் மணி நேரம் ஆகும். வலியோடு வருபவர் அவ்வளவு நேரம் ஒரு மில்லிமீட்டர்கூட அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

ஆகவே, நேரத்தைக் கூட்டாமல் தெளிவைக் கூட்டும் வழிகளைத் தேட வேண்டியிருந்தது. பலரும் முதலில் நினைப்பது வலுவான காந்தத்தை. 1.5 டெஸ்லாவிலிருந்து 3 டெஸ்லாவுக்குச் சென்றால் சமிக்ஞை ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது உண்மைதான். 2017-ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 7 டெஸ்லா கருவி ஒன்றைத் தலைக்கும் கை கால்களுக்கும் பயன்படுத்த அனுமதித்தது. ஆனால், காந்தத்தின் வலு கூடும்போது திசுக்கள் சூடாவதும் கூடுகிறது. காந்தப்புலத்தின் சீர்மையும் எளிதில் கெடுகிறது.

என் அனுபவத்தில், காந்தத்தின் அளவுக்கே பயன் தருவதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் காயில் என்னும் சமிக்ஞை வாங்கிதான். பெரிய காயில் பெரிய உடற்பகுதியின் இரைச்சலையெல்லாம் சேர்த்துக் கேட்கிறது. உள்ளங்கையளவு காயில் ஒன்றை மணிக்கட்டின் மேல் ஒட்டிவைத்தால் அது மணிக்கட்டை மட்டும் கேட்கிறது. கச்சேரி மண்டபத்தின் பின்வரிசையில் இருப்பவருக்கும் தம்பூராவின் அருகே அமர்ந்திருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் அது. பல மையங்களில் மணிக்கட்டுக்கும் முழங்காலுக்குமான காயில்கள் அலமாரியிலேயே இருக்கின்றன. மாற்றிப் பொருத்த ஆகும் சில நிமிடங்களைத் தரத்தான் மனம் வருவதில்லை.

கொழுப்பின் சுருதி

1993-ல் ஏரன் ஃபில்லர், ஃபிராங்க்ளின் ஹோவ் உள்ளிட்ட அமெரிக்க, பிரிட்டன் ஆய்வாளர்கள் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட கட்டுரைதான் இத்துறையின் தொடக்கம் எனலாம். அவர்களுடைய சிந்தனை எளிமையானது: நரம்பைப் பிரகாசமாக்குவதற்குப் பதிலாக, அதைச் சுற்றியுள்ள அனைத்தையும் இருட்டாக்கினால் என்ன? நரம்பைச் சூழ்ந்திருப்பது பெரும்பாலும் கொழுப்பு. எம்.ஆர்.ஐ. படத்தில் கொழுப்பு வெண்மையாக ஒளிரும். அந்த வெண்மைக்குள் மெல்லிய நரம்பு மறைந்துபோகிறது.

கொழுப்பை அணைக்க ஒரு வழி, அதன் சுருதியை அறிவது. கொழுப்பிலுள்ள ஹைட்ரஜன், நீரிலுள்ள ஹைட்ரஜனைவிடச் சற்றே தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒலிக்கிறது. 1.5 டெஸ்லாவில் வேறுபாடு வினாடிக்குச் சுமார் 220 அதிர்வுகள். 3 டெஸ்லாவில் 440. அந்தச் சுருதியை மட்டும் தேர்ந்து அடக்கிவிடலாம். ஆனால், காந்தப்புலம் சீராக இருக்குமிடத்தில்தான் இது செல்லும். கழுத்து, தோள், முழங்கை போன்ற வளைவான இடங்களில் சுருதியே பிசகுகிறது. கொழுப்பு அடங்காமல் நிற்க, சில வேளைகளில் நீர் அடங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட படத்தில் நோயுற்ற நரம்பும் இருட்டாகிவிடும். 1984-ல் தாமஸ் டிக்சன் முன்வைத்த முறை வேறு. நீரும் கொழுப்பும் இணைந்து ஒலிக்கும் கணத்தில் ஒரு படமும், எதிரெதிராக ஒலிக்கும் கணத்தில் மற்றொரு படமும் எடுத்து, கூட்டல் கழித்தலால் இரண்டையும் பிரித்துவிடுவது. அன்றைய கணினிகளுக்குச் சுமையாக இருந்த அந்தக் கணக்கு இன்று நொடிகளில் முடிகிறது. முழங்கை நரம்புகளுக்கு நான் முதலில் கேட்பது டிக்சன் படத்தைத்தான்.

கொழுப்பு அடங்கினாலும் மற்றொரு போலி எஞ்சுகிறது. நம் பேச்சு வழக்கில் ரத்தக் குழாயையும் நரம்பு என்றே சொல்கிறோம். ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்று செவிலியர் சொல்வது சிரையைத்தான். எம்.ஆர்.ஐ. கருவியும் நெடுங்காலம் இதே பிழையைச் செய்துவந்தது. நரம்புகள் பெரும்பாலும் ரத்தக் குழாய்களுடன் சேர்ந்தே ஓடுகின்றன. மெதுவாக ரத்தம் ஓடும் சிறு சிரை, நீர் கோத்த நரம்பைப் போலவே படத்தில் ஒளிரும். இரண்டையும் பிரிக்க உதவியது ஓட்டம். சிரைக்குள் இருப்பது நகர்கிறது. நரம்புக்குள் இருக்கும் நீர் ஏறக்குறைய நிற்கிறது. நகர்வதன் சமிக்ஞையைக் குலைக்கும் ஒரு முன்துடிப்பைச் சேர்த்தால் சிரை மறைந்து நரம்பு மிஞ்சுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட இத்தகைய முறை ஒன்றுக்கு ‘ஷின்கெய்’ என்று பெயர். ஜப்பானிய மொழியில் நரம்பு என்பதற்கான சொல்லே அதுதான். கடோலினியம் என்னும் மருந்தை ஏற்றுவது மற்றொரு வழி. அது ரத்தத்தில் கலக்கும். நலமான நரம்பின் தடுப்புச் சுவரைத் தாண்டி உள்ளே புகாது. தகுந்த அமைப்பில் படமெடுத்தால் சுற்றுப்புறம் மங்கி நரம்பு எழுந்து நிற்கும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இதை யோசித்தே தர வேண்டும்.

இவ்வளவும் செய்து பெற்ற படமும் ஏமாற்றக்கூடும். காந்தப்புலத்துக்குச் சுமார் 55 பாகைச் சாய்வில் ஓடும் நரம்பு, நோயே இல்லாதபோதும் பிரகாசமாகத் தெரியும். இதை ‘மாயக் கோணம்’ என்கிறார்கள். கழுத்திலிருந்து தோளுக்குச் சாய்ந்து இறங்கும் நரம்புப் பின்னலின் சில பகுதிகள் இந்தக் கோணத்துக்கு அருகில் அமைகின்றன. பிரகாசம் என்றாலே நோய் என்று எழுதும் அவசரக்காரர் நலமான நரம்பை நோயாளியாக்கிவிடுவார். ‘இயல்பு’ என்ற என் பிழையைவிட இது சிறிய பிழை அல்ல. இதன் முடிவில் தேவையற்ற கத்தி இருக்கலாம்.

முழங்கைக்கு மேலே

மீண்டும் அந்தத் தையல்காரப் பெண்மணியிடம் வருகிறேன். அவருக்கு வந்த வலுவிழப்பை 1952-ல் கைலோ, நெவின் என்ற இரு மருத்துவர்கள் விவரித்திருக்கிறார்கள். மீடியன் நரம்பிலிருந்து முழங்கைக்குக் கீழே ஒரு கிளை பிரிகிறது. செயலிழந்த தசைகள் யாவும் அந்தக் கிளையைச் சார்ந்தவை. ஆகவே, கிளை நசுங்கியிருப்பது முன்கையில்தான் என்று கருதி, பல பத்தாண்டுகள் அங்கேயே தேடினார்கள். அங்கேயே திறந்தும் பார்த்தார்கள். பாடநூலில் நான் படித்ததும் இதுவே. அதனால்தான் முன்கைப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிறைவடைந்தேன்.

2014-ல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் ஆய்வாளர்கள், இத்தகைய நோயாளிகளின் மேற்கையிலிருந்து தொடங்கி, நரம்பை மெல்லிய படலங்களாகப் படமெடுத்துப் பார்த்தார்கள். பாதிப்பு முழங்கைக்கு மேலே, மீடியன் நரம்பின் தண்டுக்குள்ளேயே இருந்தது. பின்னர் கிளையாகப் பிரியவிருக்கும் கற்றைகள் மட்டும் அங்கே நோயுற்றிருந்தன. அவற்றை ஒட்டி ஓடும் பிற கற்றைகள் நலமாக இருந்தன. முழு நரம்பையும் ஒரே சாம்பல் புள்ளியாகக் காட்டும் ஸ்கேன் இதை ஒருபோதும் காட்டியிருக்காது. தோளில் கடும் வலியோடு தொடங்கி வலுவிழப்பில் முடியும் இந்நோயை 1948-லேயே பார்சனேஜ், டர்னர் இருவரும் விவரித்திருந்தனர். இரண்டும் பல நேரங்களில் ஒரே கதையின் இரு அத்தியாயங்கள் என்பதைப் படம் உறுதிசெய்தது. சிலருக்கு நோயுற்ற கற்றை, மணற்கடிகாரத்தின் இடுப்பைப்போலக் குறுகி முறுக்கிக்கொள்கிறது. அந்தக் குறுக்கத்தின் அருகே நரம்பின் விளிம்பு வெளுத்தும் நடு இருண்டும் அம்பெய்யும் இலக்குப் பலகைபோல் தெரிவதை, நியூயார்க்கிலுள்ள எலும்பு, மூட்டு சிகிச்சைக்கான மருத்துவமனை ஒன்றின் மருத்துவர்கள் 2017-ல் பதிவு செய்தார்கள்.

நீரிழிவிலும் இதே பாடம் கிடைத்தது. பாதம் எரிகிறது என்பவரின் தொடையில், சியாட்டிக் நரம்பின் கற்றைகளிலேயே மாற்றம் தொடங்கியிருப்பதை அதே ஹைடெல்பெர்க் குழு 2011-ல் காட்டியது. வலிக்கும் இடம் வேறு, நோயுற்ற இடம் வேறு.

என் அறிக்கைக்கு ஐந்து மாதங்களுக்குப் பிறகு, அந்தப் பெண்மணியைப் பார்த்த நரம்பியல் மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். “டாக்டர், முழங்கைக்கு மேலே பார்த்தீர்களா?” என்ற ஒரே கேள்விதான். பார்க்கவில்லை. வேறோர் ஊரில் 3 டெஸ்லா கருவியில் அக்குள் முதல் முன்கை வரை மறுபடியும் படமெடுக்கப்பட்டது. கையை உடலோடு ஒட்டி வைத்துப் படுத்தால் முழங்கை, குழாயின் ஓரத்துக்குப் போய்விடும். அங்கே புலம் சீராக இராது. எனவே, குப்புறப் படுத்து, சினிமா சூப்பர்மேன்போலக் கையைத் தலைக்கு மேல் நீட்டியபடி அவர் 45 நிமிடங்கள் கிடந்தார். முழங்கைக்கு ஆறு செ.மீ. மேலே, மீடியன் நரம்புக்குள் ஒரு கற்றை குறுகியிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வியப்பைவிடக் கூச்சமே அதிகம்.

நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

இதில் காலம் ஏன் முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். அறுந்த அல்லது நசுங்கிய நரம்பிழை நாளொன்றுக்குச் சுமார் ஒரு மி.மீ. வேகத்தில் மீண்டும் வளர்கிறது. குறுக்கத்திலிருந்து தசை வரை 15 செ.மீ. என்றால் 150 நாள்கள். தசையோ எவ்வளவு காலமும் காத்திருப்பதில்லை. நரம்பின் தொடர்பு இல்லாமல் 12 முதல் 18 மாதங்கள் கடந்தால், பின்னர் நரம்பு வந்து சேர்ந்தாலும் அது பெரும்பாலும் உயிர்ப்பதில்லை. இந்த நோயாளிகளில் பலர் அறுவைச் சிகிச்சை இல்லாமலே தேறிவிடுகிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. தேறுபவர் யார், தேறாதவர் யார் என்று காலம் கடப்பதற்குள் அறிவதே சிக்கல். நரம்பின் மின்செயலை அளக்கும் இ.எம்.ஜி. சோதனை செயலிழப்பை உறுதிசெய்யும். அதுவும் பாதிப்பு நேர்ந்து இரண்டு மூன்று வாரங்கள் கழித்துத்தான். எந்த இடத்தில், எந்த வடிவில் என்பதைக் காட்டப் படம் வேண்டும்.

இருசக்கர வாகன விபத்துகள் நாள்தோறும் நேரும் நம் மாநிலத்தில் இக்கணக்கு இன்னும் கூர்மையானது. விழுந்த வேகத்தில் தலையும் தோளும் எதிரெதிர்த் திசையில் இழுபட்டு, கைக்குச் செல்லும் நரம்பு வேர்கள் தண்டுவடத்திலிருந்தே பிய்ந்துவிடுவது உண்டு. பிய்ந்த வேரைத் தைக்க வழியில்லை. வேறு நரம்பைக் கொண்டுவந்து இணைக்க வேண்டும். அதற்கு ஆறு மாதங்களுக்குள் முடிவெடுப்பது நல்லது. பிய்ந்ததா, வெறுமனே இழுபட்டதா என்பதைச் சொல்லும் பொறுப்பு பெருமளவு படத்தின் மேல் விழுகிறது. எலும்பு முறிவுக்குக் கம்பி பொருத்தி, ‘கை மெல்ல வந்துவிடும்’ என்று அனுப்பப்பட்டு, ஓராண்டு கழித்து வரும் இளைஞர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும் என்பதும் தவறு. தோலுக்கு அருகில் ஓடும் நரம்பைப் பொறுத்தவரை, உயர் அதிர்வெண் அல்ட்ராசவுண்ட் கருவி மலிவாகவும் பல நேரங்களில் எம்.ஆர்.ஐ.யைவிட நுணுக்கமாகவும் காட்டுகிறது. உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவில் இருக்கிறார்கள். அந்நோயில் முழங்கைக்குச் சற்று மேலே தடித்துப்போகும் அல்நார் நரம்பை அல்ட்ராசவுண்டில் சில நிமிடங்களில் அளந்துவிடலாம். தொழுநோயால் மடங்கிய விரல்களுக்குப் புதிய அறுவைச் சிகிச்சைகளை மருத்துவர் பால் பிராண்ட் உருவாக்கியது நம் வேலூரில்தான். அவர் காலத்தில் நரம்பின் தடிப்பை விரலால் தடவித்தான் அறிய வேண்டியிருந்தது. காறை எலும்புக்குப் பின்னும் இடுப்புக் கூட்டுக்குள்ளும் ஒளியும் நரம்புகளை மட்டும் அல்ட்ராசவுண்ட் எட்டாது, அங்கே எம்.ஆர்.ஐ. தவிர வழியில்லை.

செயற்கை நுண்ணறிவும் இங்கே வந்துவிட்டது. குறைந்த நேரத்தில் எடுத்த, இரைச்சல் மிகுந்த தரவிலிருந்து தெளிவான படத்தை அது மீட்டுத் தருகிறது. 64 மடங்கு நேரம் என்ற சுவரில் இது உண்மையான விரிசல், வரவேற்கிறேன். ஆனால், 2020-ல் நியூயார்க் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து நடத்திய போட்டியில், மிகக் குறைந்த தரவிலிருந்து மீட்கப்பட்ட சில படங்களில், உடலில் இல்லாத கூறுகள் இருப்பதுபோல் உருவானதைக் கண்டார்கள். பெரிய உறுப்பில் இத்தகைய பிழை உறுத்தும். ஒரு மி.மீ. நரம்பில் உறுத்தாது, மிக அழகாக இருக்கும். பழைய மங்கலான படம், தன்னால் முடியவில்லை என்பதையாவது ஒப்புக்கொண்டது.

நம் ஊர்களில் அதிகம் இருப்பவை 1.5 டெஸ்லா கருவிகளே. அவற்றிலும் நல்ல நரம்புப் படம் எடுக்கலாம்; சிறிய காயில், டிக்சன் முறை, மெல்லிய படலம், சரியான படுக்கை நிலை, 45 நிமிடங்கள் ஆகியவை வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பதில்லை. நான் பணியாற்றிய மையங்கள் யாவும் ஒருவருக்கு இருபது நிமிடம் என்ற கணக்கில் இயங்கியவை. பரிந்துரைச் சீட்டில் ‘கை வலி, எம்.ஆர்.ஐ.’ என்றிருக்கும். எந்த விரல் வளையவில்லை, எந்தத் தசை மெலிந்திருக்கிறது, எந்த நரம்பின் மேல் ஐயம் என்பது இராது. அது இல்லாமல் எங்கே படமெடுப்பது என்பதே தெரியாது. அரசுக் காப்பீட்டுத் திட்டங்களும் தனியார் காப்பீடுகளும் நரம்புக்கான நீண்ட ஸ்கேனைத் தனி இனமாக ஏற்று, அதற்குரிய நேரத்துக்குக் கட்டணம் வழங்கினால் நிலைமை மாறும் என்று நம்புகிறேன்.

என் அளவில் நான் மாற்றிக்கொண்டது ஒன்று உண்டு. ‘நரம்பு இயல்பு’ என்று இப்போது தனியாக எழுதுவதில்லை. படலத்தின் தடிமன் எவ்வளவு, எதிலிருந்து எதுவரை படமெடுக்கப்பட்டது, எந்த நரம்புகளை இந்தப் படத்தில் மதிப்பிட இயலாது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். சில மருத்துவர்கள் இது தற்காப்பு என்று சிரிக்கிறார்கள்; சிலர் நோயாளியை மறுபடியும் அனுப்பிவைக்கிறார்கள்.

அந்தப் பெண்மணிக்கு வலி தொடங்கிய பதினோராவது மாதத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. குறுகிய கற்றையை நுண்ணோக்கியின் கீழ் பிரித்து விடுவித்தார்கள். ஆள்காட்டி விரல் இப்போது வளைகிறது. கட்டைவிரல் நுனி பாதிதான். மறுபடியும் ரவிக்கை தைக்கிறார். ஊசியில் நூல் கோப்பதற்கு மட்டும் மகள் பள்ளியிலிருந்து வரும்வரை காத்திருக்கிறார்.